பன்னிரண்டு நிமிட இடைவெளி

குண்டலுபேட்டை வழியாக ஊட்டிக்குப் போகிறவர்களில் பலர் ஹிமவத் கோபாலசுவாமி மலையைத் தூரத்து மேகக்குவியலாக மட்டுமே பார்த்திருப்பார்கள். பண்டிப்பூர் வருவதற்கு முன்னால் ஹங்களா என்ற ஊரில் வலப்பக்கம் ஒரு சாலை பிரிகிறது. இருபுறமும் வயல்கள் வர, நேரே போனால் மலையடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி. கார், வேன், பைக் எதில் வந்தாலும் அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் பக்தர்களை ஏற்றிச் செல்வது கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து மட்டும்தான். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். இரவில் மேலே தங்க அனுமதி இல்லை.

பார்ப்பதற்கு இது வெறும் வாகனக் கட்டுப்பாடு. ஆனால் உலகம் முழுக்கப் பழமையான இடங்களைப் பராமரிக்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. கூட்டத்தைக் குறைத்தால் ஏழைகளும் முதியவர்களும்தான் முதலில் வெளியே நிற்பார்கள். குறைக்காவிட்டால் இடமே பாழாகும். இரண்டுக்கும் நடுவே வழி உண்டா? உண்டு என்பதை இந்த மலைச்சாலை காட்டுகிறது. எப்படி என்று பார்ப்பதற்கு முன் மலையைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

குண்டலுபேட்டை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையுச்சி 1454 மீட்டர். ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி, காய்ந்த நிலம். உச்சியிலோ வருடத்தில் பல மாதங்கள் பனிமூட்டம். இருபது கிலோமீட்டர் தூரத்துக்குள் இவ்வளவு வேறுபாடு எப்படி? மலையில் மோதும் காற்று மேலேறும்போது அதைச் சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரியும் காற்று குளிர்கிறது. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி. பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காடு இருந்தால், 200 மீட்டர் ஏறினாலே அதிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கிவிடும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது மேகம், கோயில் வாசலில் நிற்பவருக்கு மூடுபனி. உச்சியின் புல்வெளியும் பள்ளங்களில் ஒண்டியிருக்கும் சோலைமரங்களும் அந்தப் பனித்துளிகளை இலையிலும் தாளிலும் பிடித்து மண்ணுக்குச் சொட்டவிடுகின்றன. மழைமானியில் பதிவாகாத நீர் அது. கருவறை வாசலின் மேற்புறம் எப்போதும் குளிர்ந்த ஈரம் கசிகிறது என்று பக்தர்கள் வியந்து சொல்வார்கள். மலையைச் சுற்றிப் பல தீர்த்தங்கள் உண்டு. அவற்றில் ஹம்ச தீர்த்தம் என்பதில் மூழ்கிய காகம் அன்னமாக எழுந்தது என்றும், அன்றுமுதல் இங்கே காகங்களே வருவதில்லை என்றும் கதை.

கோயில் 1315ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரபல்லாளன் காலத்தில், அருகிலுள்ள தெரகணாம்பியிலிருந்து இந்தப் பகுதியை ஆண்ட மாதவ தண்டநாயகன் எழுப்பியது. இந்தத் தண்டநாயகர்களைத் தமிழ் வாசகர்களுக்கும் ஒரு வகையில் தெரியும். பவானிசாகர் அணையின் தண்ணீருக்குள் கிடக்கும் டணாயக்கன் கோட்டை இவர்களின் பெயரைத்தான் சுமக்கிறது. அங்கே மாதவராயப் பெருமாள் கோயில், கடும் கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மட்டும் தலைகாட்டுகிறது. ஒரே மரபின் இரண்டு கோயில்கள். ஒன்று அணைக்குள் மூழ்கியது. மற்றொன்று காட்டுக்குள் நிலைத்தது.

காட்டுக்குள் நிலைத்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1931இல் மைசூர் மகாராஜா இங்கே 90 சதுர கிலோமீட்டரில் ஒரு சரணாலயம் அமைத்தபோது அதற்கு வைத்த பெயர் வேணுகோபாலா வனவிலங்குப் பூங்கா. மலைமேல் குழலூதி நிற்கும் சுவாமியின் பெயர். 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது அந்தச் சின்னப் பூங்கா விரிந்து பண்டிப்பூர் புலிகள் காப்பகமானது. கோயிலிடமிருந்து பெயர் வாங்கிய காடு பிறகு கோயிலையே உள்ளே வைத்து வளர்ந்துவிட்டது. ஆகவே இங்கே பாரம்பரியத்தைக் காப்பது என்றால் எழுநூறு வருடக் கல்லை மட்டும் காப்பதாகாது. கல்லுக்கு வெளியே நடக்கும் யானைக்கும் அதே அளவு உரிமை இருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி நாட்டிலேயே அதிகப் புலிகள் வாழும் காப்பகங்களில் பண்டிப்பூரும் ஒன்று.

இப்போது சாலைக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் 1,000 பேர் மலைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் காரில், காருக்கு நான்கு பேராகப் போனால் 250 கார்கள். ஏறவும் இறங்கவும் சேர்த்து 500 ஓட்டங்கள். கோயில் திறந்திருக்கும் நேரம் எட்டு மணி என்றால் நிமிடத்துக்கு ஒரு வண்டி. அதே 1,000 பேரை 50 பேர் கொள்ளும் பேருந்தில் ஏற்றினால் 20 பேருந்து, 40 ஓட்டம். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று.

500 எங்கே, 40 எங்கே என்று ஒப்பிடுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். எனக்கு வியப்பாக இருப்பது அடுத்த படி. ஒரு யானைக்கூட்டம், குட்டிகளோடு, பதறாமல் சாலையைக் கடக்க ஐந்து நிமிட அமைதி வேண்டும் என்று கொள்வோம். கார்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை, கூடும், குறையும். நிமிடத்துக்கு ஒன்று என்ற சராசரியில் அவை தம் போக்கில் வந்தால், ஐந்து நிமிடம் ஒரு வண்டியும் வராத இடைவெளி எத்தனை முறை கிடைக்கும்? நிகழ்தகவுக் கணக்குப்படி எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்றே முறை. அந்த மூன்றும் எப்போது வரும் என்று யானைக்குத் தெரியாது. கால அட்டவணைப்படி ஓடும் பேருந்திலோ ஒவ்வோர் இடைவெளியும் ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. போனவர்கள் அதே 1,000 பேர். ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் விலங்குக்கு நாளில் மூன்று முறை திறந்த கதவு இப்போது நாற்பது முறை திறக்கிறது.

விலங்குகள் இதையெல்லாம் உணருமா என்று கேட்டால், உணர்கின்றன என்பதற்கு ஆய்வகச் சான்று இருக்கிறது. ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய விஞ்ஞானிகள் மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பாந்தவ்கர் காப்பகங்களில் புலிகளின் எச்சத்தைச் சேகரித்து அதிலுள்ள மனஅழுத்த ஹார்மோனின் சிதைவுப் பொருள்களை அளந்தார்கள். 2019இல் வெளிவந்த முடிவு: சுற்றுலா நடக்கும் மாதங்களில் அந்த அளவு கூடுகிறது, வாகனங்களின் எண்ணிக்கையோடு அது சேர்ந்தே ஏறுகிறது. புலியைத் தொடாமல், மயக்க ஊசி போடாமல், காட்டில் கிடக்கும் எச்சத்திலிருந்தே அதன் பதற்றத்தைப் படிக்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் பிரமிப்பான சங்கதி. இப்படி நீண்டநாள் உயர்ந்திருக்கும் ஹார்மோன் இனப்பெருக்கத்தையும் நோய் எதிர்ப்பையும் பாதிக்கக்கூடும்.

இதே தர்க்கம்தான் குண்டலுபேட்டையிலிருந்து வயநாட்டுக்குப் போகும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வாகனங்களை நிறுத்தி வைத்திருக்கிறது. அதை எதிர்த்து 2019இல் சுல்தான் பத்தேரியில் உண்ணாவிரதம் வரை போராட்டம் நடந்தது. போராடியவர்களின் சிரமமும் உண்மைதான். ஆனாலும் 24 மணி நேரத்தில் ஒன்பது மணியைக் காட்டுக்கு விட்டுக்கொடுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். நம் திம்பம் மலைப்பாதையிலும் 2022இல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் இரவுத் தடை வந்தது.

சரி, சாலை அமைதியாயிற்று, மேலே கோயிலில்? பேருந்து வந்ததும் 50 பேர் மொத்தமாக இறங்குகிறார்கள். ஓரிடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிட ஒரு முறையை 1992இல் கோஸ்டாரிகாவில் மிகேல் சிஃபுவென்டெஸ் என்ற சூழலியலாளர் எழுதிவைத்தார். முதல் படி எளிது: ஒரே சமயத்தில் நெருக்கடியில்லாமல் எத்தனை பேர் நிற்கலாம், ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் இருப்பார், இடம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும். 200 பேர் நிற்கலாம், ஆளுக்கு ஒரு மணி நேரம், எட்டு மணி நேரத் திறப்பு என்றால் 1,600 பேர். பிறகு மழை, வழுக்கல், மண்ணரிப்பு, விலங்கு நடமாட்டம் என்று ஒவ்வொரு காரணத்துக்கும் அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில், கண்காணிக்க ஆள் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை என்று பார்த்து இன்னொரு முறை குறைக்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது கடைசிப் படி. இடத்தின் கொள்ளளவு பாறையிலோ புல்லிலோ மட்டும் இல்லை. பராமரிக்கிறவர்களின் திறமையிலும் இருக்கிறது. துப்புரவுப் பணியாளர் ஒருவரைக் கூட்டினால் அந்த எண் கூடும்.

எல்லோருக்குமான இடம் என்ற பேச்சுக்கும் பேருந்தே நல்ல தொடக்கம். கார் வைத்திருப்பவரும் இல்லாதவரும் ஒரே படியில் ஏறி, ஒரே இருக்கையில் உட்கார்கிறார்கள். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11இல் சக்தி திட்டம் வந்து, சாதாரண அரசுப் பேருந்துகளில் அந்த மாநிலப் பெண்களுக்குக் கட்டணம் இல்லாமல் போனதும், மாநிலத்தின் கோயில் ஊர்களெல்லாம் பெண்களால் நிரம்பின. வீட்டைவிட்டு வெளியூர் போகக் காசு கேட்டு நிற்க வேண்டியிராத பெண்கள் முதலில் போக நினைத்த இடம் கோயில் என்பது, சுற்றுலாக் கொள்கை எழுதுகிறவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய செய்தி.

பேருந்திலிருந்து இறங்கியபின் படிகள் இருக்கின்றன. மூட்டுவலிக்காரருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பயணம் அங்கே முடிந்துவிடுகிறது. சாய்தளம் போட்டால் என்ன என்று எளிதாகக் கேட்டுவிடலாம். ஏற்கப்பட்ட விதிப்படி ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். ஐந்து மீட்டர் ஏற 60 மீட்டர், இடையிடையே ஓய்வுத் தளங்கள் வேறு. புலிகள் காப்பகத்தின் புல்வெளியில் அவ்வளவு கான்கிரீட் கொட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் தாழ்தளப் பேருந்து, கைப்பிடிக் கம்பி, நடுநடுவே உட்காரக் கல்மேடை, தேவைப்படுவோருக்குத் தூக்கு நாற்காலி, அதைத் தூக்குகிறவர்களுக்குச் சம்பளம்: இவை புல்லைத் தொடாமல் செய்யக்கூடியவை. எல்லோருக்கும் வழி என்றாலே கட்டுமானம் என்று நினைக்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும்.

மலைமேல் இவ்வளவு கூட்டம் இருக்க, அடிவாரத்து ஊரில் ஒரு பழங்கோயில் அவ்வளவாக யாரும் பாராமல் நிற்கிறது. குண்டலுபேட்டையின் பரவாசுதேவர் கோயில். 1673 முதல் 1704 வரை மைசூரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார், தம் தந்தையின் நினைவாகக் கட்டியது. தந்தைக்காக ஓர் அரசன் எழுப்பிய கோயில் நெடுஞ்சாலையிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஊட்டிக்கு விரையும் கார்கள் அது இருப்பதே தெரியாமல் கடந்து போகின்றன. ஊருக்குள் விஜயநாராயணர் கோயிலும் உண்டு. கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் நிரம்பி வழிகிற இடத்தையே பார்க்கிறோம். பக்கத்திலேயே ஆளில்லாமல் சிதைகிற இடம் கண்ணில் படுவதில்லை. மலைக்கு ஏறப் பேருந்துக்குக் காத்திருக்கிறவர்களில் பத்தில் ஒருவர் இந்தக் கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஊரின் தேநீர்க் கடைக்கும் பூக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் பிழைப்பு. இப்போது அடிவாரத்திலிருந்து நேராக நெடுஞ்சாலை ஏறிப் போகும் பணத்தில் கொஞ்சம் ஊரில் தங்கும்.

அந்தப் பணத்தை எப்படித் தங்கவைப்பது என்று குண்டலுபேட்டை விவசாயிகள் தாமாகவே கற்றுக்கொண்டார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாலையோர வயல்களில் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்துக் கிடக்கும். கேரளத்திலிருந்து வரும் குடும்பங்கள் வண்டியை ஓரங்கட்டிப் படமெடுக்க வயலுக்குள் இறங்கினால் செடி மிதிபடும், பூ உதிரும். முதலில் விரட்டிப் பார்த்தவர்கள் பிறகு ஆளுக்கு ஒரு சிறு கட்டணம் என்று வைத்துவிட்டார்கள். கட்டணம் வைத்ததும் நடக்க ஒரு வழியும் வந்தது, வழி வந்ததும் செடி பிழைத்தது. செண்டுமல்லியின் மஞ்சள் நிறப்பொருளான லூட்டீன் கோழித்தீவனத்தில் சேர்ந்து முட்டைக் கருவுக்கு நிறம் கொடுக்கிறது, கண்ணுக்கான மாத்திரைகளிலும் போகிறது. ஓணத்துக்குப் பூக்களம் போடவும் இங்கிருந்து பூ போகும். படமெடுக்க வருகிறவருக்கு ஒரு தகவல்: முற்றிய சூரியகாந்தி சூரியனைத் தொடர்ந்து திரும்புவதில்லை, கிழக்கையே பார்த்து நிற்கும். காலை வெயிலில் சீக்கிரம் சூடாகும் பூவுக்குத் தேனீக்கள் அதிகம் வருகின்றன என்று 2016இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே காலையிலேயே வாருங்கள்.

இனி, இந்தக் கதையில் அடிக்கடி விடுபட்டுப்போகிறவர்கள். பண்டிப்பூர் காட்டின் ஓரங்களில் ஜேனு குறும்பர், சோலிகர் குடியிருப்புகள் இருக்கின்றன. கோயிலுக்கு 1315 என்று ஆண்டு சொல்ல முடிகிறது; இவர்களின் காட்டுத் தெய்வங்களுக்கு ஆண்டு கிடையாது. கிழக்கே பிலிகிரிரங்கன மலையில் அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளையோடு சேர்ந்து சோலிகர்கள் தங்கள் புனித இடங்களைத் தாங்களே வரைபடமாக்கினார்கள். நானூறுக்கும் மேற்பட்டவை. மரம், பாறை, ஊற்று, சுனை, முன்னோர் புதைந்த இடம். ஒன்றிலும் கோபுரம் இல்லை. ஆனால் அந்த வரைபடம் அவர்களின் வன உரிமைக் கோரிக்கைக்கு வலுவூட்டியது. 2011இல், ஒரு புலிகள் காப்பகத்துக்குள் சமூக வன உரிமை பெற்ற முதல் சமூகமாக அவர்கள் ஆனார்கள்.

அவர்களின் அறிவும் பாரம்பரியம்தான். கோடையின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயைச் சோலிகர் தரகு பெங்கி என்கிறார்கள். அந்தத் தீ புதர்க்களைகளின் நாற்றைக் கருக்கும், மரத்தை விட்டுவிடும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அது நின்றுபோனது. அவர்கள் சொல்வது: தீ நின்றது, உண்ணிச்செடி ஏறியது. பிலிகிரிரங்கன மலையில் 1997க்கும் 2008க்கும் இடையே உண்ணிச்செடி பல மடங்கு பெருகியதை அளந்த ஆய்வு அவர்கள் சொல்லுக்கு வலு சேர்த்தது. அழகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்தப் பூச்செடி இன்று நாட்டின் புலிக்காடுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் பரவியிருக்கிறது. அதன் அடியில் புல் முளைக்காது. மானுக்கு மேய்ச்சல் இல்லை. காய்ந்தால் பெரும் தீக்கு விறகு. 2019 பிப்ரவரியில் பண்டிப்பூரில் பரவிய தீயில் கோபாலசுவாமி பெட்டா சரகமும் எரிந்தது. சிறு தீயைத் தடுத்த இடத்துக்குப் பெருந்தீ வந்தது என்றால், தடுத்தவர்கள் யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

ஊட்டிச் சாலையில் தெற்கே கூடலூர்ப் பகுதியில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோலிகர் கைவினைஞர்கள் அந்த உண்ணிச்செடித் தண்டை வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, ஆளுயரத்துக்கும் மேலான யானைகளாக வளைக்கிறார்கள். ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தெரிந்த ஒரு நிஜ யானையின் உருவம். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் அமெரிக்கா போயின. காட்டைக் கெடுத்த செடி காட்டுவாசிக்குக் கூலியாகிறது. பாரம்பரியச் சுற்றுலாவில் ஆதிவாசிகளின் இடம், விருந்தினர் முன் ஆடிக் காட்டுவதற்கு அப்பால் என்னவாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

காட்டோரத்து விவசாயிகளையும் மறக்க முடியாது. 2025 நவம்பரில் மைசூர் மாவட்டத்தில் புலி தாக்கி விவசாயிகள் இறந்ததை அடுத்து, பண்டிப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியை நிறுத்திவைக்க மாநில அரசு உத்தரவிட்டது. சஃபாரி வண்டிகளும் விடுதிகளும்தான் விலங்குகளை வயலுக்குத் துரத்துகின்றன என்பது காட்டோர விவசாயிகளின் குற்றச்சாட்டு. ஒரு புலி ஊருக்குள் வர இரைப் பற்றாக்குறை, வயது, எல்லைச் சண்டை என்று பல காரணங்கள் உண்டு; ஒரே காரணத்தில் அடைத்துவிட முடியாது. ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு நேர்மையான கணக்கு இருக்கிறது. புலியைப் பார்த்தவருக்குப் படம் கிடைக்கிறது, விடுதிக்கு வாடகை கிடைக்கிறது, வேலிக்கு அந்தப்பக்கம் மாடு மேய்ப்பவருக்குப் பயம் மட்டும் மிஞ்சுகிறது. காப்பகத்தின் மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது என்று 2012இல் உச்சநீதிமன்ற வழக்கையொட்டி விதி வந்தது. வருமானத்தில் எவ்வளவு காட்டோர ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பதிலும் அதே கறார்தனம் தேவை.

எல்லைக்கு இந்தப்பக்கம் நீலகிரியில் நாம் இதே பாடத்தைத் தாமதமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ். 2025 கோடையில் வார நாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பு. அந்த உத்தரவின் ஓரத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு இ-பாஸ் வேண்டாம். வரம்பு காருக்குத்தான், மனிதருக்கு இல்லை. அந்த வரியை மக்கள் நம்பிப் பயன்படுத்த வேண்டுமானால் பேருந்து ஒழுங்காக வர வேண்டும். குண்டலுபேட்டை பேருந்து நிலையத்திலிருந்து பரவாசுதேவர் கோயிலைத் தொட்டு மலையடிவாரத்துக்கும், அடிவாரத்திலிருந்து பண்டிப்பூர், முதுமலை வழியாக ஊட்டிக்கும் இணைப்புப் பேருந்துகள் நேரம் தவறாமல் ஓட வேண்டும். அந்த நேரங்கள் கன்னடத்தோடு தமிழிலும் மலையாளத்திலும் பலகையில் எழுதப்பட வேண்டும். இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் தீர்கிற வேலை இது.